பேச்சிக்கு நான் கொடுத்த சீட்டு

திங்கட்கிழமை காலை. வருகைப் பதிவேட்டைத் திறந்து முதல் பெயரைக் கூப்பிட்டேன். சத்தமில்லை. அடுத்த பெயர், அதற்கும் சத்தமில்லை. எரிச்சலோடு தலையைத் தூக்கினால், முப்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டிய ரெண்டாம் வகுப்பில் பதிமூன்று தலைதான் தெரிந்தது. மீதிப் பேருக்கு விரிக்க வேண்டிய பாய் மூலையில் சுருட்டியபடியே கிடந்தது.

"எங்கடா எல்லாரும்? அம்மை கிம்மை போட்டிருக்கா?"

முன்வரிசையில் இருந்த மளிகைக்கடைக்காரர் மகன் எழுந்து நின்றான். "அவுகளுக்குத்தான் வெள்ளிக்கிழம சீட்டு குடுத்துட்டீங்களே டீச்சர். எல்லாரும் மலைக்குப் போயிட்டாக."

"சீட்டு உனக்கும்தானே குடுத்தேன். நீ வந்திருக்கேல்ல?"

அவன் பேந்தப் பேந்த முழித்தான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு நானும் அதேபோல முழித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடம் போடிநாயக்கனூரின் மேற்கு ஓரத்தில், முந்தல் போகிற ரோட்டில் இருந்தது. ரெண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆத்தாளும் அப்பனும் திங்கட்கிழமை விடிகாலையில் அரிசியைச் சுமந்துகொண்டு மலையேறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார்கள். நடுவில் பிள்ளைகளை ஒரு பெரியம்மாவோ அத்தையோ பார்த்துக்கொள்வாள். அந்த வகுப்புக்கு நான் டீச்சர். வயது இருபத்திரண்டு. வேலை தற்காலிகம், கோபம் மட்டும் நிரந்தரம்.

"நீங்க இம்புட்டுக் கோவக்காரியா, படிக்கவே பயமா இருக்கு" என்று போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு இந்தப் பத்திரிகைக்குக் கார்டு போட்ட கம்பத்து வாசகி இந்த வாரமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதினாறாம் வாய்ப்பாடு

அந்தக் காலத்துப் பரீட்சை எப்படி இருந்தது என்று சொல்லாவிட்டால் மேலே நடந்தது விளங்காது.

வருஷக் கடைசியில் ஓர் அதிகாரி வருவார். நாற்காலி போட்டு உட்காருவார். பிள்ளைகள் ஒவ்வொருத்தராகப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். வாய்ப்பாடு, ஒரு பாட்டு, பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம். மூச்சு விடாமல் ஒப்பித்தால் பாஸ். திணறினால் பெயில், அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

நான் படிக்கிற காலத்தில் இந்த விஷயத்தில் பெரிய கெட்டிக்காரி. பதினாறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொல்லி அதிகாரி கையால் பென்சில் வாங்கினவள். அந்த வாரமே கடைவீதியில் எங்கள் அப்பாவின் கடையில் கூட்டம். "அரை வீசை துவரம்பருப்பு நிறுத்துப் போடு ஆத்தா" என்றார் அப்பா. தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எந்தப் படிக்கல்லை எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. வாங்க வந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எம் மக பரீட்சையில புலி, தராசுல எலி." கல்யாணம் ஆகும்வரை அதைச் சொல்லிச் சொல்லியே என் மானத்தை வாங்கினார்.

நான் புலியாக நின்ற அதே இடத்தில் எலியாக நின்றவள் பேச்சி. தோட்டத்தில் காய் எடுக்கிற ஒச்சம்மாவின் மகள். பேருதான் பேச்சி, அதிகாரியைக் கண்டால் பேச்சு வராது. வந்தாலும் வம்பாக வரும். "நாலு மூணு எத்தன?" என்று கேட்டால், "எதுல நாலு சார்?" என்று திருப்பிக் கேட்பாள். அதிகாரிக்குப் பிடிக்குமா? பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே ரெண்டு வருஷமும் சிவப்பு மையில் "தவறினாள்" என்று விழுந்திருந்தது. மூன்றாவது தடவை தவறினால் பேரை அடித்துவிடுவார்கள். ஒச்சம்மாவும் என்னிடம் சொல்லியிருந்தாள்: "இந்த வருசம் பாப்பேன் டீச்சர். தேறலைன்னா எங்கூட மலைக்குக் கூட்டிப் போயிருவேன்."

அந்த வருஷம்தான் புதிய முறை வந்தது. ஒருசில பள்ளிக்கூடங்களில் மட்டும் சோதனையாக நடத்திப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குப் பத்து நாள் பயிற்சி. முதல் மூன்று வகுப்புகளுக்கு வருஷக் கடைசிப் பரீட்சை கிடையாது, பாஸ் பெயில் கிடையாது. பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும். பாத்தியை அளக்க வேண்டும், எடை போட வேண்டும், கடிதம் எழுத வேண்டும். டீச்சர் மாதாமாதம் ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்து, என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாளுக்கு அவர்கள் வைத்த பேர் முன்னேற்றச் சீட்டு. யார் வைத்தாரோ தெரியாது. அவர் ஏலமலைப் பக்கம் வந்ததே இல்லை என்று மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

முப்பத்திரண்டு சீட்டையும் ஆசை ஆசையாக எழுதினேன். பேச்சியின் சீட்டில் எழுதியது இன்றைக்கும் வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "தராசில் சரியாக எடை போடுகிறாள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். வாய்ப்பாட்டை வேகமாகச் சொல்ல இன்னும் வரவில்லை. தெரியாததைக் கேட்கிறாள்." கடைசி வரி, தாளில் இடம் மிச்சமிருந்ததால் எழுதியது. வெள்ளிக்கிழமை மணி அடிக்கிற நேரத்தில் கொடுத்து, "ஆத்தா வந்ததும் குடு" என்றேன். ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மலையில் சீட்டு என்றால்

பெரிய சார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் தலைமை ஆசிரியர். புதிய முறை என்றாலே அவருக்கு வேப்பெண்ணெய் குடித்த முகம்.

"அடுத்த திங்கட்கிழமை அதிகாரி வர்றாரும்மா. பத்தொம்போது பிள்ளைக இல்லாம வகுப்பக் காட்ட முடியாது. சோதனையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பழையபடி பரீட்சை வைங்கன்னு எழுதிட்டுப் போயிருவாரு. அப்பறம் உங்க வேலைக்கும் நான் பொறுப்பில்ல. அந்தப் பேச்சி பேரையும் அடிச்சிருவேன்."

மத்தியானம் சாப்பிடாமல் தெருத் தெருவாக நடந்தேன். பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டில் பேச்சியின் பெரியம்மா இருந்தாள். "சீட்டு குடுத்தப்பறம் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டேன். அவள் நிதானமாக, "குடுத்தது நீங்க, எங்களப் போயி வையிறீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அப்பா கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன். மலைக்கு அரிசி லோடு கொண்டுபோகிற ஜீப்பு டிரைவர் சுருளியண்ணன் மூட்டைகளை எண்ணிக்கொண்டு நின்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எண்ணுவதை நிறுத்தினார்.

"சீட்டுன்னு சொல்லியா குடுத்தீக? அடப் பாவமே. மலையில சீட்டுன்னா வேற தாயி. ஒரு ஆளு வேண்டாம்னா கங்காணி ஒரு சீட்டு எழுதிக் கையில குடுத்துருவாரு. வாங்கிட்டு எறங்கிர வேண்டியதுதான். ஏன் எதுக்குன்னு கேக்கப்பிடாது. சீட்டு குடுத்துட்டாங்கன்னா வேலைய விட்டு அனுப்பிட்டாங்கன்னு அர்த்தம்."

கடைவீதிப் பிள்ளைகள் பதிமூன்று பேரும் ஏன் வந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் வீட்டில் சீட்டு என்றால் வெறும் துண்டுத்தாள்.

பத்தொன்பது ஆத்தாமார் நான் எழுதின தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். ஒருத்திகூட வந்து "ஏன் டீச்சர்" என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பழகிப்போன சனம். மிளகு மூட்டைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வெட்கத்தில் பாதி, கோபத்தில் பாதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நாளைக்கு லோடு எத்தன மணிக்குண்ணே கெளம்புது?" என்று கேட்டேன்.

"வயசுப் பிள்ள தனியா ஜீப்புல மலைக்கா?" என்று அப்பா ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் அவரே ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு பொட்டலம் உப்போடு. "அட்டை கடிக்கும். கூட இருக்கட்டும்" என்றார்.

பத்தாம் நம்பர் காடு

வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து புகையும் ஏல வாசமும் சேர்ந்து வந்தன. அப்பா அங்கே அடுப்புப் பக்கமாகக் குளிர் காய உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்த சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தா டீச்சரே, ஸ்கூளு இவிடெயல்லல்லோ" என்று, பள்ளிக்கூடம் இங்கே இல்லையே என்பதை மலையாளத்தில் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கஞ்சி நேரத்தில் மட்டும் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்.

பத்தாம் நம்பர் காட்டில் பெண்கள் கஞ்சித் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஏலச்செடிகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சம்மா நடுவில் இருந்தாள். பக்கத்தில் ஒரு சின்னக் கூடையோடு பேச்சி. என்னைப் பார்த்ததும் ஆத்தாளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"வாங்க டீச்சர். சீட்டுத்தான் குடுத்துட்டீகளே, இன்னும் என்ன?" என்றாள் ஒச்சம்மா.

"அக்கா, அது அந்தச் சீட்டு இல்ல."

"சீட்டுல என்ன இந்தச் சீட்டு, அந்தச் சீட்டு? ரெண்டு வருசம் பெயிலு. மூணாம் வருசம் சீட்டு. சரிதான்னு கூட்டியாந்துட்டேன். உங்க மேல கோவமெல்லாம் இல்ல."

கோபம் இல்லை என்று அவள் சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் மடமடவென்று அவிழ்த்துவிட்டேன். பாடத்திட்டம், செயல்முறை, மதிப்பீடு, முன்னேற்றம். பெண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஒருத்தி, "டீச்சர் காலையில சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

"சீட்டு எங்கக்கா?" என்றேன்.

இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் நாலாக மடித்து வைத்திருந்தாள். சுண்ணாம்புக் கறை பட்டிருந்தது. "பத்திரமாத்தான் வச்சிருக்கேன். நாளைக்கு வேற பள்ளிக்கூடத்துல சேத்தா, பழைய சீட்டக் கொண்டான்னு கேப்பாகள்ல."

வாசித்துக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். நீட்டியவள் என்னவோ தோன்றி நிறுத்திக்கொண்டேன். "எங்கிட்டக் குடுக்காதீங்க. பேச்சிகிட்டக் குடுங்க. அவளே வாசிப்பா."

பேச்சி முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தாளை வாங்கினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "த...ரா...சில்... சரியாக... எடை போடு...கிறாள்." ஒருத்தியின் கை கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் நின்றது. "எழுத்துக் கூட்டி வா...சிக்கிறாள்." ஒச்சம்மா மகளைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள். "வாய்ப்பாட்டை வேகமாகச் சொல்ல இன்னும் வர...வில்லை."

அங்கே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னும்னா, எப்ப வரைக்கும் டீச்சர்?"

"வர்ற வரைக்கும்" என்றேன்.

திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி வரியையும் வாசித்தாள். "தெரியாததைக் கேட்கிறாள்."

"இது குத்தமா டீச்சர், நல்லதா?" என்று ஒச்சம்மா கேட்டாள். "இங்க கேட்டா சீட்டுதான்."

"நல்லதுக்கா. அந்தத் தாள்ல இருக்குறதுலயே அதுதான் ரொம்ப நல்லது."

ஒச்சம்மா தாளை வாங்கிப் பழையபடி நாலாக மடித்தாள். பிறகு, "அப்ப நானும் ஒண்ணு கேக்கேன். பெயிலே கெடையாதுங்கிறீக. பயமில்லாட்டி பிள்ளைக எப்பிடிப் படிக்கும்?" என்றாள்.

நியாயமான கேள்வி. புதிய முறை வந்தபோது பெரிய சாரும் இதையேதான் கேட்டார். எதிரே கூடைகள் வரிசையாக இருந்தன. "நீங்க புதுசா காய் எடுக்க வந்தப்ப, எது பிஞ்சு, எது எடுக்குற பருவம்னு எப்பிடிக்கா தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கங்காணி சாயங்காலம் கூடையக் கொட்டிப் பாப்பாரு. இது பிஞ்சு, இத ஏன் எடுத்தேன்னு காட்டுவாரு. மறுநாளு பிஞ்சு கொஞ்சம் கொறையும். அப்பிடியே பழகிரும்."

"தினமும் பாக்காம, வருசக் கடைசியில ஒரே ஒரு நாள் வந்து கூடையப் பாத்தா?"

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "வெளங்கும். வருசம் பூராப் பிஞ்சப் பறிச்சுக் காட்டையே மொட்டையாக்கியிருப்போம்" என்றாள் ஒருத்தி.

"இதுவரைக்கும் பள்ளிக்கூடத்துல அப்பிடித்தான் பாத்தோம். இப்ப நான் மாசாமாசம் பிள்ளைக கூடையப் பாக்குறேன். எது பிஞ்சுன்னு எழுதி உங்களுக்கு அனுப்புறேன். அம்புட்டுத்தான் அந்தத் தாளு."

ஒச்சம்மா என்னை முறைத்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கூடையப் பாக்குற தாளுக்குச் சீட்டுன்னு பேரு வைக்கலாமா? படிச்சவுகதானே நீங்க?"

"தப்புத்தான்க்கா" என்றேன். என் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததை அப்பா கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அதற்குள் சுருக்குப்பைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. "எம் பிள்ளையதையும் வாசி ஆத்தா." "இதையும் பாரு பேச்சி." எட்டுத் தாள். ஒன்றுகூடக் கசங்கவில்லை. அதிகாரி முன்னால் வாயே திறக்காத பிள்ளை எட்டையும் வாசித்தாள், போகப் போகக் குரல் ஏறியது. "பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான்" என்ற இடத்தில் காடே சிரித்தது, அந்தப் பயல் செடிக்குள் ஓடிவிட்டான். கஞ்சி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. சூப்பர்வைசரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். பக்கத்துக் காட்டில் இருக்கிற மற்ற ஆத்தாமாருக்குத் தாங்களே சொல்லிவிடுவதாகப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஸ்டோருக்குத் திரும்பியபோது காலில் ரெண்டு அட்டை தொங்கியது. அப்பா உப்பை வைத்து எடுத்துவிட்டு, "ஏன் இப்பிடிப் பல்லக் காட்டிட்டு வர்ற?" என்று கேட்டார்.

அதிகாரி வந்த நாள்

அடுத்த திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்து பேரைக் கூப்பிட்டேன். முப்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். மலையில் பேச்சி வாசித்ததைக் கேட்டுவிட்டு ஒருத்தி தன் ரெண்டு பிள்ளைகளையும் புதிதாகக் கொண்டுவந்து விட்டிருந்தாள். மொத்தம் முப்பத்துநாலு. பெரிய சார் ஜன்னல் வழியாக எண்ணினார், நம்பாமல் மறுபடியும் எண்ணினார்.

அன்றைக்கு விடிகாலையில் மலையேறியிருக்க வேண்டிய ஆத்தாமார் பதினைந்து பேர், அரிசி மூட்டையை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு வராந்தாவில் வந்து நின்றார்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள் என்பதை நான் மறக்கக் கூடாது.

அதிகாரி வந்தார். அவர்களைப் பார்த்ததும், "புதிய முறை உங்களுக்கு விளங்குகிறதா?" என்று கேட்டார். பெரிய சார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஒச்சம்மா முன்னால் வந்து, கங்காணியும் கூடையும் பிஞ்சுமாக முழுசையும் சொல்லி முடித்துவிட்டாள். பத்து நாள் பயிற்சியில் ஒருத்தராலும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதிகாரி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குக் கூடைத்தாள் என்றே பேராகிவிட்டது.

அப்போது பேச்சி எழுந்து வந்து, ஒரு தாளை அதிகாரியிடம் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆத்தாமார் கூடி உட்கார்ந்து சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. அதிகாரி சத்தமாகவே வாசித்தார்.

"டீச்சர். மலை ஏருகிறார். அட்டை கடித்தாலும் அழவில்லை. நன்ராகச் சொல்லிக் குடுக்கிறார். கோவத்தை அடக்க இன்னும் வரவில்லை. தெரியாததைக் கேட்கிறார்."

வராந்தாவில் ஒரே சிரிப்பு. அதிகாரியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முந்தானையைத் தேடினேன்.

"யார் எழுதினது இது?" என்று கேட்டார். பேச்சி கையைத் தூக்கினாள். அவர் பதிவேட்டைப் புரட்டி அந்த ரெண்டு சிவப்பு வரியையும் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். பிறகு பெரிய சாரிடம், "இவளை மூன்றாம் வகுப்பில் உட்காரச் சொல்லுங்கள். இந்த வகுப்பும் இந்த டீச்சரும் இப்படியே இருக்கட்டும்" என்றார். பேச்சி சிலேட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்து அறைக்கு நடந்தாள்.

அதிகாரி போனதும் பெண்கள் மூட்டைகளைத் தூக்கினார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது, உடனே நடந்தால்தான் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர முடியும். ஒச்சம்மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, அதிகாரி என் கையில் கொடுத்துவிட்டுப் போன தாளைக் கண்ணால் காட்டினாள்.

"சீட்டு குடுத்தாச்சு டீச்சர். ஆனா நீங்க எங்கயும் போகப்பிடாது."